வாக்கிங் போனது குற்றமா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று கார்டு போட்டு விசாரித்த எல்லோருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பேனா ஓடவில்லை. நாலு தாள் எழுதி நாலையும் கிழித்தேன். இந்த வாரம் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

கொஞ்சம்தான்.

கோலார் தங்க வயலில், ஒரு வியாழக்கிழமை காலையில், ரோட்டில் நடந்து போனதற்காக என்னைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடந்து போனதற்காக. வேறு ஒரு குற்றமும் நான் செய்யவில்லை. ஆனால் என் கோபம் அதற்கில்லை. அதற்கென்றால் ஒரு தாளோடு தீர்ந்திருக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுத்து எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம், பள்ளிக்கூடங்களுக்கு மேப், குளோப், எலும்புக்கூடு படம் விற்கிற கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். மாதத்தில் இருபது நாள் ரயில், பஸ், லாட்ஜ். ரயிலில் உட்கார்ந்து, பஸ்ஸில் உட்கார்ந்து, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் உட்கார்ந்து, ஓட்டலில் உட்கார்ந்து... உலகத்தையே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிற ஆசாமி நான். அதில் நூறு கஜமாவது சொந்தக் காலால் நடந்திருப்பேனா என்பது சந்தேகம்.

பலன்? ரத்த அழுத்தம். டாக்டர் என் கையில் கட்டிய பட்டையைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தினம் முக்கால் மணி நேரம் நீங்க நடக்கணும். இல்லைன்னா நாலு பேர் உங்களைத் தூக்கிக்கிட்டு நடப்பாங்க."

"மெட்ராஸ்ல இருக்கிற நாள்ல நடந்துடறேன் டாக்டர். டூர்லதான்..."

"நீங்க டூர்ல இருக்கிற விஷயத்தை உங்க ரத்தக்குழாய்க்கு யாரு சொல்றது?"

அன்றிலிருந்து நான் போகிற ஊரிலெல்லாம் நடக்கிறேன். அன்றிலிருந்துதான் ஒரு விஷயமும் தெரிந்தது. பயணத்தில் உடம்பைக் கவனித்துக்கொள்வது என்றால் நம் ஜனங்களுக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர், காதுக்கு மஃப்ளர், வயிற்றுக்கு ஓமத் தண்ணீர். அவ்வளவுதான். மூட்டை மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. கையைக் காலை ஆட்டினால் போச்சு.

ஜோலார்பேட்டையில் ரயில் நின்ற நேரத்தில் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கை வீசி நடந்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு போர்ட்டர் கூடவே நடந்து வந்தார். "யாரைத் தேடுறீங்க சார்? சம்சாரத்தையா?" இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. லேடீஸ் வெயிட்டிங் ரூம் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அங்கேயும் இல்லை என்று ஆறுதல் சொன்னார்.

இன்னொரு ஊரில் மழை. வெளியே போக முடியாமல் லாட்ஜ் அறையிலேயே தோப்புக்கரணம் போட்டேன். கீழே தையல் கடை. மேனேஜர் வந்து கதவைத் தட்டினார். "சார், எந்த வேண்டுதலா இருந்தாலும் கோயில்ல வச்சுக்குங்க. கீழ மெஷின் ஆடுது."

காரணம் இல்லாமல் ஒரு மனிதன் நடக்கலாம் என்பதை நாம் ஒப்புக்கொள்வதே இல்லை. மாடு தொலைந்திருக்க வேண்டும். அல்லது வீட்டில் சண்டையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆள் திருடன். வயிறு பெருத்து உட்கார்ந்திருப்பவனை யாராவது சந்தேகப்பட்டதுண்டா? அதைக் குறைக்க நடக்கிறவனைத்தான் பிடிக்கிறார்கள்.

இந்த மனக்குறையோடுதான் பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பம் போகிற கிளை ரயிலைப் பிடித்துத் தங்க வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலு பள்ளிக்கூடம், நாலு நாள் வேலை. ராபர்ட்சன்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை.

காலையில் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினால், அடடா, நடப்பதற்கென்றே செய்த ஊர். நல்ல குளிர். கடைகள் திறக்கவில்லை. ஊருக்கு வெளியே போகிற ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனால் ஊர் சத்தம் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். 'லைன்' என்கிறார்கள். இன்னொரு பக்கம் சாம்பல் நிறத்தில் குன்று குன்றாக மண். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டபின் கொட்டின மிச்சம் அது. தூரத்தில் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரம் சுற்றுகிறது. சக்கரம் சுற்றினால் கீழே ஆட்கள் இறங்குகிறார்கள் அல்லது ஏறுகிறார்கள் என்று அர்த்தம்.

சங்கு ஊதினதும் ரோடு நிரம்பியது. ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்கு, காலை ஷிப்ட்காரர்கள் வேலைக்கு. எல்லோரும் வேகமாக நடந்தார்கள். இங்கே நம்மை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் நாள் யாரும் ஒன்றும் கேட்கவில்லைதான். இரண்டாம் நாள் ஒருவர் கேட்டார்.

அவர் பெயர் தேவசகாயம் என்று வைத்துக்கொள்வோம். அது உண்மைப் பெயர் இல்லை. எந்தச் சுரங்கம், எந்தக் கேட் என்பதும் இதில் வராது. எழுதினால் அவர் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் புரிந்துகொள்வீர்கள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், அகன்ற தோள், கையில் டிபன் பாக்ஸ், தோளில் துண்டு. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர் எட்டி நடை போட்டு என் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார், நேத்தும் பாத்தேன். இம்மாம் வேகமா நடந்து போறீங்க, அந்தக் கல்லு வரிக்கும் போய்ட்டு திரும்பி வர்றீங்க. ஏதாச்சும் வுட்டுட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர், ரத்த அழுத்தம், முக்கால் மணி நேரம். அவர் சிரிக்கவில்லை. யோசித்தபடியே நடந்தார்.

"நாங்க எட்டு மணி நேரம் கீழ ஏறி எறங்கிட்டு, எப்படா வூட்ல போய் உக்காருவோம்னு வர்றோம். நீங்க உக்காந்து உக்காந்து, எப்படா நடப்போம்னு வர்றீங்க. பாதி பாதியா பிரிச்சிருக்கலாம் சார் ஆண்டவரு."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கீழே அவருக்கு டிம்பர் வேலை. தலைக்கு மேலே இருக்கிற பாறை இறங்கிவிடாமல் மரத்தை நிறுத்தி முட்டுக் கொடுக்கிறது. எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "கேஜ்ல எறங்கறதுக்கே ரெண்டு தரம் மாறணும் சார்" என்றார். கேஜ் என்பது ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. ஒரு கூண்டு போகிற ஆழம் போதாமல், பாதியில் இறங்கி இன்னொரு கூண்டு பிடிக்கிற ஆழம். தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இவரே இருபத்திரண்டு வருஷமாக இறங்குகிறார்.

மறுநாள் வியாழக்கிழமை. அதே ரோடு, அதே நேரம். எனக்காகவே கொஞ்சம் மெதுவாக நடந்தாரோ என்னவோ, சேர்ந்துகொண்டோம்.

ரோட்டோரம் வெள்ளையாக இரண்டு கற்கள் கிடந்தன. வெள்ளையில் பொடிப் பொடியாக மஞ்சள் மின்னியது. ஆசை யாரை விட்டது? குனிந்து இரண்டையும் எடுத்தேன். ஒன்றைப் பாக்கெட்டில் போட்டேன். மற்றதை அவரிடம் நீட்டினேன்.

"இது தங்கமா பாருங்க."

வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குப்பைக்கல்லு சார் இது. இப்டி மின்னிச்சுன்னா அது தங்கம் இல்ல. தங்கம் இருக்கிற கல்ல உங்க கைல குடுத்தா, நீங்க தூக்கிப் போட்டுட்டுப் போயிருவீங்க. அவ்ளோ அழுக்கா இருக்கும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பின்னாலிருந்து வந்த ஜீப் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. காக்கி போட்ட இரண்டு சுரங்கக் காவலாட்கள் இறங்கினார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவர் கையைப் பிடித்தார்கள். கல் அந்தக் கையில்தான் இருந்தது.

"ஐயா, நான்தான் அதைக் கொடுத்தேன்" என்றேன்.

"ஆபீஸ்ல வந்து சொல்லுங்க."

ஜீப்பில் எனக்கு முன் ஸீட். அவருக்குப் பின் ஸீட், இரண்டு காவலாட்களுக்கு நடுவில். இந்த வித்தியாசத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

காவல் ஆபீஸ் என்பது கேட் அருகில் ஓடு வேய்ந்த ஒரு கட்டிடம். உள்ளே மேஜை, பெரிய ரிஜிஸ்டர், அதிகாரி. நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். மரியாதையாகவும் பேசினார். அந்த மரியாதையை நினைத்தால்தான் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"உங்க பேர் சார்?"

சொன்னேன். கார்டைக் கொடுத்தேன். கம்பெனிக் கார்டுதான், ஆனால் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாரா வாரம் பத்திரிகையிலே எழுதறவரா? எங்க வீட்லே தவறாம படிப்பாங்க சார். உட்காருங்க, உட்காருங்க."

நாற்காலி வந்தது. காபி வந்தது.

பிறகு தேவசகாயம் பக்கம் திரும்பினார்.

"நம்பர் என்ன?"

என்னிடம் பெயர். அவரிடம் நம்பர். அவரும் நம்பரைத்தான் சொன்னார். பெயர் சொல்ல வேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.

அறையின் மூலையில் இடுப்பளவு ஒரு தட்டி. அதற்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். தட்டி எதையும் மறைக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பூட்ஸைக் கழற்றித் தட்டினார்கள். கையைத் தூக்கு, வாயைத் திற, நாக்கை மடி. டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சமிருந்த கேழ்வரகுக் களியை ஒரு குச்சியால் கிளறினார்கள். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் பூமிக்கடியில் நின்றுவிட்டு வந்தவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காபி குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பாதி டம்ளர் குடித்த பிறகுதான், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்து கீழே வைத்தேன்.

"நீங்க கிளம்பலாம் சார்" என்றார் அதிகாரி. "தொந்தரவு கொடுத்ததுக்கு ஸாரி. ஜீப்லயே லாட்ஜ்ல விட்டுடச் சொல்றேன்."

"அவர்?"

"அவரைப் பத்தி நாங்க பாத்துக்கறோம். கல்லோட கையும் களவுமா அகப்பட்டிருக்கார். விசாரணை முடியறவரைக்கும் கீழே இறங்க முடியாது."

"நான்தான் ரோட்டிலேர்ந்து எடுத்து அவர் கையிலே கொடுத்தேன்னு சொல்றேனே."

அவர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

"நீங்க எழுத்தாளர். இரக்க சுபாவம். இவங்களை உங்களுக்குத் தெரியாது. வெளியாள்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டே கல்லைக் கைமாத்தி விட்டுடுவாங்க. உங்களுக்கே தெரியாம நடக்கும்."

இங்கேதான் எனக்கு வந்தது பாருங்கள்.

"சார், ஒரு சந்தேகம். அவர் திருடி எனக்குக் கொடுக்க வந்தார்னு வச்சுக்குவோம். அப்ப வாங்க வந்தவன் நான். திருட்டுச் சாமான் வாங்கறவனுக்கு இந்த ஊர்லே நாற்காலி போட்டுக் காபி கொடுப்பாங்களா?"

நான் பாக்கெட்டில் கையை விட்டேன். இத்தனை நேரம் என் பாக்கெட்டை யாரும் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும்? நான்தான் கார்டு வைத்திருக்கிற ஆசாமி ஆயிற்றே. இரண்டாவது கல்லை எடுத்து, மேஜைமேல், முதல் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்கிட்ட இருந்தது."

அதிகாரி கல்லைப் பார்த்தார். காவலாட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சார், நீங்க விஷயத்தைச் சிக்கலாக்கறீங்க."

"இப்பதான் சார் நேராகுது. அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. என்னையும் அந்தத் தட்டிக்குப் பின்னாலே கூட்டிட்டுப் போங்க."

சொன்னதோடு நிற்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். அதிகாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று கெஞ்சினார். என் தொப்பையைப் பார்க்க அத்தனை கூச்சப்பட்ட மனிதருக்கு, தேவசகாயத்தை அரைமணி நேரமாக வெற்றுடம்போடு நிறுத்தியிருப்பதில் ஒரு கூச்சமும் இல்லை. அதிகாரியின் மனைவி இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்தச் சமயத்தில் தட்டிக்குப் பின்னாலிருந்து தேவசகாயத்தின் குரல் வந்தது. மெதுவாக.

"சார், வுடுங்க சார். நீங்க பேசப் பேச எனக்குத்தான் ஜாஸ்தியாவும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் என் கோபத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். ஆபத்தில் இருந்தது அவருடைய வேலை. வேலை மட்டுமா? லைன் வீடு சுரங்கத்துடையது. வேலை போனால் வீடும் போகும்.

குரலை இறக்கினேன். கல்லில் தங்கம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடியவர் இங்கே யாராவது இருப்பார்களே என்று கேட்டேன். இருந்தார். கல்லைச் சோதிக்கிற ஆபீஸில் ஒருவர். ஆனால் ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

"அப்ப ஒன்பது மணி வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

"உங்களுக்கு வேலை இருக்குமே சார்."

இருந்தது. ஒன்பதரைக்கு ஒரு ஹெட்மாஸ்டர் எனக்காகக் காத்திருப்பார். இரண்டு மாதமாகக் கடிதம் எழுதி வாங்கின நேரம். பரவாயில்லை என்றேன். தேவசகாயத்திடம் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உட்காரச் சொல்லவில்லை. நானும் நாற்காலியை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்கு அது பிடித்திருந்ததா என்று தெரியாது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நிற்பது நடப்பதைவிடக் கஷ்டம், வாசகர்களே. ஒரு மணி நேரத்தில் என் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அவர் மரம் நட்ட மாதிரி நின்றார்.

ஒன்பதுக்கு மேல் அந்தச் சோதனை ஆபீஸ்காரர் சைக்கிளில் வந்தார். வயதானவர், கன்னடக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கல்லைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். ஐந்து வினாடி. இன்னொன்றையும் பார்த்தார். அது மூன்று வினாடி.

"இதரல்லி ஏனூ இல்லா சார்" என்றார். இதில் ஒன்றுமே இல்லை. பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறினார். "வேஸ்ட் கல்லு இது. கீழேர்ந்து எடுத்து வெளிலே கொட்றது. ரோடு போடறதுக்கு இதைத்தான் உடைச்சுப் போடறோம். நீங்க நடந்து வந்தீங்களே, அந்த ரோடு பூரா இதுதான்."

கேட்டீர்களா? ரோடு முழுக்க. அந்த ரோட்டின் மேல்தான் ஜீப் தினமும் ஓடுகிறது. ரோட்டில் காலால் மிதித்தால் அது கல். தொழிலாளி கையில் எடுத்தால் களவு.

அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுபடி ஸாரி. தேவசகாயத்தைப் பார்த்து, "சரி, நீ போ" என்றார். அவ்வளவுதான். ஒரு ஸாரி இல்லை, 'நீங்க' கூட இல்லை. ஒரே குற்றத்துக்காகப் பிடிபட்டு ஒரே நிமிஷத்தில் விடுதலையான இரண்டு பேர் நாங்கள்.

போகும்போது ரிஜிஸ்டர் கண்ணில் பட்டது. திறந்தபடி இருந்தது. அதில் அவர் நம்பர் ஏற்கெனவே ஏறியிருந்தது. 'கல்லுடன் பிடிபட்டார்' என்று ஒரு வரி.

"இதை அடிச்சுடுங்க" என்றேன்.

"ரிஜிஸ்டர்லே அடிக்கக் கூடாது சார். ரூல்."

"அப்ப என் பேரையும் அதே வரியிலே எழுதுங்க."

"உங்க பேரை எப்படி சார்..."

"ரெண்டு கல். ரெண்டு ஆள். எழுதுங்க."

தேவசகாயம் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். இந்த முறை வுடுங்க சார் என்று சொல்லவில்லை. அதனால் நான் விடவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டு அதிகாரி பேனாவை எடுத்தார். 'கல்லை ரோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் வெளியூர்க்காரர். சோதித்ததில் ஒன்றும் இல்லை' என்று எழுதினார். கீழே நான் முழுக் கையெழுத்துப் போட்டேன், தேதியோடு. அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறது. இந்தக் காரியத்தில் எனக்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் வெயில் ஏறியிருந்தது. அவர் முன்னால் நடந்தார். காலையில் எனக்காக மெதுவாக நடந்தவர் இப்போது நிஜ வேகத்தில் நடந்தார். ஒரு வருஷமாக ஊர் ஊராக நடந்து பழகினவன், மூச்சு வாங்க அவர் பின்னால் ஓடினேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார்" என்றார், திரும்பாமல்.

"இப்படிச் சோதனை போடறது..."

"தெனிக்கும்தான். ஷிப்ட் முடிஞ்சு மேல வந்தா, வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி. இன்னிக்கு ஒரு தரம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

நின்றார். இப்போதுதான் நேராக என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு நாள் வந்துச்சு சார், நீங்க கோவப்பட்டீங்க. நாளைக்கு ரயில் ஏறிப் போயிருவீங்க. நான் ராத்திரிக்கு அதே கேட்டுக்குப் போவணும். அதே ஆளுங்கதான் தொறப்பாங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க நல்லவருதான் சார். கையெழுத்துப் போட்டீங்க, யாரு போடுவாங்க? ஆனா இனிமே இந்த ஊருக்கு வந்தா, வாக்கிங் வேற பக்கமா போங்க."

லைன் வீடுகள் தெரிகிற வளைவு வரை அப்படியே கூட நடந்தேன்.

அங்கே எதிரே ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தார். ஓடுவதும், நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வதும், மறுபடி ஓடுவதுமாக. தேவசகாயத்தைப் பார்த்ததும் அப்படியே ரோட்டு நடுவில் நின்றுவிட்டார். அவர் மனைவி.

தங்க வயலுக்குப் போகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் புருஷன் வீட்டுக்கு வர மூன்று மணி நேரம் தாமதமானால் பஸ் கிடைக்கவில்லை என்று நினைப்பார்கள், சிநேகிதனோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பார்கள். இந்த ஊரில் ஷிப்ட் முடிந்து ஆள் வரவில்லையென்றால் நினைக்கிறதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கீழே பாறை இறங்கிவிட்டது.

அந்த அம்மாள் முதலில் சுரங்கத்துக்கு ஓடியிருக்கிறார். எல்லோரும் மேலே வந்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நம்பவில்லை. உண்மையை இப்படித்தான் மெதுவாகச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு, இப்போது மறுபடி சுரங்கத்துக்கே வந்துகொண்டிருக்கிறார். அவர் விசாரித்த இடத்திலிருந்து இருநூறு கஜத்தில் ஒரு தட்டிக்குப் பின்னால் அவர் புருஷன் உயிரோடு நிற்கிறார் என்று ஒரு ஆளைவிட்டு வீட்டுக்குச் சொல்லியனுப்ப அந்த ஆபீஸில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்குக் கல்லும் நியாயமும்தான் தெரிந்தன.

அழவில்லை அவர். கிட்டே வந்து, தேவசகாயத்தின் தோளையும் கையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவரு யாரு?"

"வாக்கிங் வந்த சாரு" என்றார் தேவசகாயம்.

"வாக்கிங்னா?"

"சும்மா நடக்கிறது. உடம்புக்கு."

அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கேன்வாஸ் ஷூ வரை பார்த்தார்.

"சும்மாவா" என்றார்.

ரத்த அழுத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் காலில் செருப்பு இல்லை. சொல்லவில்லை.